முதல் வருடம் வேருக்கு: எக்கினேசியா வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

எக்கினேசியாவைப் புதிதாக நடுகிறவர்கள் முதலில் கேட்பது, "குளிர் தாங்குமா?" என்றுதான். நன்றாகவே தாங்கும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரிக்குப் போகிற இடங்களில்கூட, மேலே உள்ள தண்டும் இலையும் காய்ந்து விழுந்தாலும் மண்ணுக்குள் தூர், அதாவது தண்டும் வேரும் சேரும் அடிப்பகுதி, உயிரோடு இருக்கும். இளவேனிலில் மறுபடி துளிர்க்கும். நான் பார்த்தவரை இந்தச் செடியைக் கொல்வது தூரைச் சுற்றித் தேங்கி நிற்கும் ஈரம். குளிர்காலத்தில் அந்த ஈரம் இருந்தால் தூர் அழுகிவிடும். நான் முதலில் நட்ட மூன்று செடிகளையும் அப்படித்தான் இழந்தேன். வெயில் நன்றாக விழுகிறது என்று ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தேன். கூரைத் தண்ணீர் முழுக்க அங்கேதான் வடிகிறது என்பதைக் கவனிக்கவில்லை. பனி உருகியபின் தோண்டிப் பார்த்தால் தூர் கறுத்துக் கூழாகிக் கிடந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் இடம், மண், முதல் வருடம் ஆகிய மூன்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். இவை சரியாக அமைந்துவிட்டால் மற்ற வேலைகள் எளிது.

செடியைப் பற்றிக் கொஞ்சம்

எக்கினேசியா சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. கோன்ஃப்ளவர் என்றும் சொல்வார்கள். வட அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் உள்ள புல்வெளிகளும் திறந்த காட்டோரங்களும் இதன் தாயகம். 1753-இல் தாவரங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ் இதை ருட்பெக்கியா என்ற இன்னொரு பேரினத்தோடு சேர்த்துப் பெயரிட்டார். பிறகு 1794-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் மோயென்க் தனிப் பேரினமாகப் பிரித்து எக்கினேசியா என்று பெயர் வைத்தார். முள்ளெலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பூவின் நடுவில் இருக்கும் கூம்பை ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரிந்துவிடும்.

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் தொகுப்பு. சுற்றிலும் இதழ் போலத் தெரிபவை விதை பிடிக்காத கதிர்ப்பூக்கள். கூம்பில் விறைப்பாக நிற்கும் முட்களுக்கு நடுவே இருப்பவைதான் விதை தரும் பூக்கள். அவை ஒரே நாளில் மலர்வதில்லை. கூம்பின் விளிம்பில் ஒரு வளையம் மலரும். நாளுக்கு நாள் அது மேல்நோக்கி நகரும். தேனீக்களும் அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்கும். ஒரே பூ வாரக்கணக்கில் நிற்பதற்குக் காரணமும் இதுதான். கோடைக் காலையில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பாருங்கள். என்னை இந்தச் செடியோடு கட்டிப்போட்டது அந்தக் காட்சிதான்.

புதியவர்கள் பயந்துபோகும் ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வகைகளில் இதழ்கள் இயல்பாகவே கீழ்நோக்கித் தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் குடம் குடமாக ஊற்றிவிடாதீர்கள். தாகத்தை இலையில் பாருங்கள், இதழில் பார்க்க வேண்டாம்.

எதை வாங்குவது

முதன்முறை என்றால் எக்கினேசியா பர்ப்பூரியாவையும் அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகங்களையும் வாங்குங்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ, 60 முதல் 120 செ.மீ. உயரம், கிளைத்துப் பரவும் நார் வேர். இந்த வேர் அமைப்பால்தான் பிடுங்கி நடுவதை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. 'மேக்னஸ்' என்ற ரகத்தில் இதழ்கள் தொங்காமல் அகலமாக விரிந்து நிற்கும். 1998-இல் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாக அமெரிக்காவில் தேர்வானது அதுதான். வெள்ளை வேண்டுமென்றால் 'ஒயிட் ஸ்வான்'. இரண்டையும் விதையிலிருந்தே வளர்க்கலாம்.

அங்குஸ்டிஃபோலியா, பாலிடா போன்ற இனங்கள் ஆணிவேர் விடும். ஒருமுறை நட்ட இடத்திலிருந்து அவற்றை அசைக்கக் கூடாது. வறட்சியை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் முளைக்க வைப்பதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு நிறங்களில் வருபவை பெரும்பாலும் கலப்பினங்கள். ஊதாக் குடும்பத்தில் தனியாக மஞ்சள் பூக்கும் பாரடாக்ஸா என்ற இனத்தோடு பர்ப்பூரியாவைச் சேர்த்து உருவாக்கியவை. பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றில் பல, மூல இனத்தைப் போல நீண்ட நாள் வாழ்வதில்லை. அவற்றின் விதையிலிருந்து வரும் செடியும் தாயைப் போல இருக்காது. அடுக்கு இதழ் ரகங்கள் இன்னொரு பக்கம். கூம்பு முழுக்க இதழாக மாறிவிட்டதால் தேனீக்கு அங்கே அதிகம் கிடைக்காது. தோட்டத்துக்குத் தேனீ வர வேண்டும் என்று விரும்பினால் ஒற்றை அடுக்குப் பூவே போதும். என் பாத்தியில் அதை மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

நாற்று வாங்கும்போது பூவைப் பார்க்காமல் அடியைப் பாருங்கள். ஒற்றைத் தண்டில் பெரிய பூவோடு நிற்கும் செடியைவிட, பூவே இல்லாமல் தூரிலிருந்து ஏழெட்டு இலைகளோடு இரண்டு மூன்று குருத்து விட்டிருக்கும் செடி எவ்வளவோ மேல். ஒற்றைத் தண்டுச் செடி தன் பலத்தையெல்லாம் பூவில் செலவழித்திருக்கும். குளிர்காலத்தைக் கடக்கத் தூரில் சேமிப்பு இருக்காது.

இடமும் மண்ணும்

ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். 8 மணி நேரம் இருந்தால் இன்னும் நல்லது. அரை நிழலிலும் உயிரோடு இருக்கும். ஆனால் தண்டு வெளிச்சத்தைத் தேடி நீண்டு சாயும், பூ குறையும், இலையில் சாம்பல் நோய் எளிதில் வரும். கடும் கோடை வெப்பம் உள்ள இடங்களில் மட்டும் பிற்பகலில் கொஞ்சம் நிழல் இருந்தால் பூவின் நிறம் வெளுக்காமல் இருக்கும்.

மண்ணைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீரால் நிரப்புங்கள். அது முழுவதும் வடிந்தபின் இன்னொரு முறை நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஊற்றிய தண்ணீர் மணிக்கு 2 முதல் 3 செ.மீ. வேகத்திலாவது இறங்கினால் அந்த இடம் சரி. மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் வேறு இடம் பாருங்கள். வேறு இடமே இல்லையென்றால் பாத்தியைச் சுற்றியுள்ள தரையைவிட 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். களிமண்ணில் கைப்பிடி கைப்பிடியாக மணல் கலந்து சரிசெய்துவிடலாம் என்று பலர் முயல்கிறார்கள். மண் இறுகிக் கல்லாகிவிடுவதுதான் மிச்சம். மட்கு உரத்தைக் கலந்து பாத்தியை உயர்த்துவதே நம்பகமான வழி.

உரம் விஷயத்தில் கையை இறுக்கிப் பிடியுங்கள். இது புல்வெளியில், சாதாரண மண்ணில் வளர்ந்து பழகிய செடி. தழைச்சத்து அதிகமானால் மளமளவென்று உயர்ந்து, தண்டு மெலிந்து, முதல் காற்றுமழையில் படுத்துவிடும். நடும்போது மண்ணோடு ஒரு பங்கு மட்கு உரம், பிறகு ஒவ்வொரு இளவேனிலிலும் தூரைச் சுற்றி மெல்லிய அடுக்காக மட்கு உரம். இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

விதையிலிருந்து தொடங்குவதாக இருந்தால்

காட்டில் இந்த விதை இலையுதிர் காலத்தில் விழுந்து, குளிர்காலம் முழுக்க ஈர மண்ணில் கிடந்து, இளவேனிலில் முளைக்கிறது. அந்தக் குளிரை நாம் கொடுத்தால் முளைப்பு சீராக வரும். ஒரு கைப்பிடி மணலைப் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமாக்கி, விதையை அதில் கலந்து, ஒரு பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்; உறைபெட்டியில் வேண்டாம். பர்ப்பூரியாவுக்கு 4 வாரம் போதும். ஆணிவேர் இனங்களுக்கு 8 முதல் 12 வாரம் வரை தேவைப்படும். பையின் மேல் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் காய்கறிக்கு அடியில் போய் மறந்துவிடும்.

இந்த வேலை வேண்டாம் என்றால் இலையுதிர் காலத்தின் கடைசியில், குளிர் நன்றாக இறங்கிய பிறகு, பாத்தியிலேயே நேரடியாக விதைத்துவிடலாம். இயற்கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் எலியும் பறவையும் பங்கு கேட்கும் என்பதால் கொஞ்சம் தாராளமாக விதையுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த விதையை நாற்றுத் தட்டில் ஈர மண்ணின் மேல் தூவி, 3 மி.மீ. கனத்துக்கு மேல் மூடாமல் லேசாக மண் தூவுங்கள். வெளிச்சம் கொஞ்சம் பட்டால் முளைப்புக்கு நல்லது. 18 முதல் 21 டிகிரி வெப்பத்தில் 10 முதல் 20 நாளில் முளை தெரியும். எல்லாம் ஒரே நாளில் வராது. பிந்தி வருபவற்றுக்காக இன்னும் இரண்டு வாரம் தட்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

முதலில் வருவது வழவழப்பான இரண்டு வித்திலைகள். அடுத்து வருகிற இலைகள் சொரசொரப்பாக, மேலே மெல்லிய ரோமத்தோடு இருக்கும். அப்படி இரண்டு மூன்று இலை வந்ததும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றலாம். இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்க வேண்டாம். இலை ஒன்று போனால் வேறு வரும். தண்டு நசுங்கினால் நாற்றே போய்விடும்.

வெளியே நடுவதற்கு முன் 7 முதல் 10 நாள் பழக்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், அப்புறம் சிறிது சிறிதாக வெயிலுக்கும் காற்றுக்கும். வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை நேராக முழு வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் காய்ந்துவிடும்.

நடுவது

இளவேனிலில் கடைசி உறைபனி போனபின் நடுவது பாதுகாப்பு. இலையுதிர் காலத்திலும் நடலாம், ஆனால் மண் உறைவதற்குக் குறைந்தது 6 வாரமாவது இருக்க வேண்டும். அதற்குள் வேர் பிடிக்காவிட்டால் மண் உறைந்து உருகும்போது செடி மேலே தள்ளப்பட்டுவிடும்.

தொட்டியைவிட இரண்டு மடங்கு அகலமாகக் குழி எடுங்கள். ஆழம் தொட்டியளவே போதும். செடியை வெளியே எடுத்து வேர்க்கட்டைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். பிறகு குழியில் வைத்து, தூரும் மண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். தூர் மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். மேலே துருத்திக்கொண்டு நின்றால் காயும். மண்ணை நிரப்பிக் கையால் அழுத்தி, நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. இடைவெளி. நட்ட அன்று பாத்தி வெறிச்சோடித் தெரியும். இடையில் இன்னும் இரண்டு நட்டுவிடலாம் என்று கை பரபரக்கும், வேண்டாம். மூன்றாம் வருடம் அந்த இடம் முழுவதும் நிறைந்துவிடும்; காற்று புகுந்துபோக இடம் இருந்தால்தான் சாம்பல் நோய் வராது.

காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மண்ணுக்கு மூடாக்கு போடுவதானால் 5 செ.மீ. கனத்துக்குப் போட்டு, தூரைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள்.

முதல் வருடம்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

விதையிலிருந்து வந்த செடி பெரும்பாலும் முதல் வருடம் பூக்காது. தரையோடு தரையாக ஒரு கொத்து இலை மட்டும் இருக்கும். ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நினைத்து உரம் போடுகிறவர்கள் பலர். தவறு ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் வேலை நடக்கிறது. அடுத்த பத்து வருடத்துக்கான வேரை அது இப்போது விட்டுக்கொண்டிருக்கிறது.

தொட்டியில் வாங்கி வந்த செடி முதல் வருடமே மொட்டு விடலாம். கலப்பின ரகமாக இருந்தால் அந்த மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மனசுக்குக் கஷ்டமான வேலைதான். காசு கொடுத்து வாங்கிய ஆரஞ்சுப் பூவை மலரவிடாமல் கிள்ளுவது எனக்கும் முதலில் முடியவில்லை. கிள்ளாமல் விட்ட இரண்டு செடி அடுத்த இளவேனிலில் எழவே இல்லை. கிள்ளிய ஒன்று ஐந்து தண்டோடு எழுந்தது. மனசு வராவிட்டால் ஒரு பூவை மட்டும் விட்டுவைத்து, நிறத்தைப் பார்த்தபின் நறுக்கிவிடுங்கள்.

தண்ணீர் முதல் வருடம் மட்டும்தான் ஒழுங்காக வேண்டும். மழை இல்லாத வாரத்தில் ஒரு முறை, ஆழமாக. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேற்பரப்பிலேயே நின்றுவிடும், அப்புறம் ஒரு வறட்சிகூடத் தாங்காது. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். இரண்டாம் வருடத்திலிருந்து நீண்ட வறட்சி வந்தாலொழியத் தண்ணீர் தேவைப்படாது.

இளம் இலையை ஓடில்லா நத்தைகள் விரும்பித் தின்னும். காலையில் பார்த்தால் இலை சல்லடையாக இருக்கும். இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் எனக்குப் பலன் கொடுத்த வழி. செடி ஒரு முழம் வளர்ந்துவிட்டால் இந்தத் தொல்லை குறைந்துவிடும்.

பூக்கத் தொடங்கிய பிறகு

இரண்டாம் வருடம் கோடையின் நடுவில் பூ தொடங்கி, இலையுதிர் காலத்தின் ஆரம்பம் வரை வரும். வாடிய பூவைக் கீழே உள்ள அடுத்த இலை அல்லது பக்க மொட்டு வரை நறுக்கினால் புதிய மொட்டுகள் வரும். செடி உயரமாகச் சாய்கிறது என்றால் இளவேனிலின் கடைசியில், மொட்டு கட்டுமுன், மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். பூ இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும், ஆனால் செடி குட்டையாகப் புதர்போல நிற்கும். பாத்தியின் முன்வரிசைச் செடிகளை மட்டும் இப்படி வெட்டி, பின்வரிசையை விட்டுவிட்டால் பூக்காலம் நீளும்.

கோடையின் முடிவில் நறுக்குவதை நிறுத்திவிடுங்கள். காய்ந்த கூம்புகளைத் தேடி விதை தின்னும் சிறு பறவைகள் வரும். கறுத்த கூம்பின் மேல் பனி தொப்பி போட்டதுபோல உட்கார்ந்திருக்கும் காட்சியும் தோட்டத்தில் வேறு எதுவும் இல்லாத மாதங்களில் பெரிய ஆறுதல். காய்ந்த தண்டை இளவேனில் தொடக்கத்தில் வெட்டினால் போதும்.

உங்களுக்கும் விதை வேண்டுமானால், கூம்பு கருமையாகி, அதன் அடியில் உள்ள காம்பு காய்ந்தபின் எடுங்கள். கையுறை கட்டாயம், அந்த முட்கள் நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாள் வலிக்கும். நான்கு பக்கம் உள்ள சிறு விதையை விரலில் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பதை வைத்துக்கொண்டு, பொக்காக நசுங்குவதை விட்டுவிடுங்கள்.

நோய் என்று வந்தால்

இலையில் மாவு தூவியதுபோல வெள்ளை படர்ந்தால் சாம்பல் நோய். அழகைக் கெடுக்கும், செடியைக் கொல்லாது. அந்த இலைகளை நீக்கி, அடுத்த முறை இடைவெளியைக் கூட்டுங்கள்.

கவலைப்பட வேண்டியது ஆஸ்டர் மஞ்சள் நோயைக் கண்டுதான். தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது. இதழ்கள் நிறமிழந்து பச்சையாகும், கூம்பிலிருந்து இலைக்கொத்து முளைக்கும், செடி முழுக்க மஞ்சளடித்துக் குறுகும். இதற்கு மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி அகற்றிவிடுங்கள். தாமதித்தால் பக்கத்துச் செடிகளுக்கும் பூச்சி கொண்டுபோகும். அந்த நுண்ணுயிரி உயிருள்ள செடியிலும் பூச்சியிலும் மட்டுமே வாழும், வெறும் மண்ணில் தங்காது. அதனால் அதே இடத்தில் மறுபடி நடலாம்.

ஆனால் பிடுங்குவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் வகையும் கூம்பில் இதே மாதிரிக் கொத்துக் கொத்தான கோளாறை உண்டாக்கும். வித்தியாசம் இதுதான்: சிலந்திப்பேன் என்றால் கூம்பு மட்டும் கோணலாக இருக்கும், இலையும் தண்டும் நல்ல பச்சையாக இருக்கும். அப்போது அந்தப் பூக்களை மட்டும் வெட்டிக் குப்பையில் போட்டால் போதும். எத்தனையோ நல்ல செடிகள் இந்தக் குழப்பத்தால் வீணாகப் பிடுங்கப்படுகின்றன.

தூரைப் பிரிப்பது

பர்ப்பூரியா நாலைந்து வருடத்தில் நடுவில் வெறுமையாகி ஓரங்களில் மட்டும் பூத்தால் பிரிக்கலாம். இளவேனிலில் குருத்து விரற்கடை உயரம் வந்ததும் சுற்றிலும் ஆழமாகத் தோண்டித் தூக்கி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று குருத்தும் போதுமான வேரும் இருக்கும்படி கூரிய கத்தியால் வெட்டுங்கள். நன்றாகப் பூத்துக்கொண்டிருக்கும் செடியைத் தொட வேண்டாம். ஆணிவேர் இனங்களை எப்போதுமே பிரிக்க வேண்டாம்.

இளவேனிலில் மண்வெட்டியை எடுக்குமுன்

மற்ற செடிகளெல்லாம் தழைத்த பிறகும் எக்கினேசியா இருந்த இடம் சில வாரம் வெறுமையாகவே கிடக்கும். செத்துவிட்டது என்று தோண்டி, உயிருள்ள தூரை மண்வெட்டியால் பிளந்துவிடுவார்கள். அதனால் இலையுதிர் காலத்திலேயே ஒவ்வொரு தூருக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு வையுங்கள். அந்தக் குச்சியைச் சுற்றிச் சொரசொரப்பான, கரும்பச்சை நிறச் சிறு இலைகள் தென்பட்டால் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். போன வருடம் பறவைகள் சிந்திய விதையிலிருந்து வந்த நாற்றுகளாக இருக்கலாம். சின்னதாக இருக்கும்போதே வேர் மண்ணோடு தோண்டி எடுத்து, 45 செ.மீ. தள்ளி நட்டு, தண்ணீர் ஊற்றுங்கள்.